தோடு போட்ட கிடாய்

அத்தியாயம் 6

திருடன் ஆட்டைக் கொண்டுபோயிருந்தான். கயிற்றை விட்டுவிட்டுப் போயிருந்தான்.

அதுவும் அறுத்து வீசிவிட்டு அல்ல. முடிச்சை நிதானமாக அவிழ்த்து, அழகாகச் சுருட்டி, முளைக்குச்சியின் தலையில் மாட்டிவைத்துவிட்டுப் போயிருந்தான். கறம்பக்குடிக்கு வெளியே, அடைக்கலத்தின் வீட்டு ஆட்டுக்கொட்டகையில் தொங்கிய அந்தக் கயிற்றைத் துப்பறியும் ராஜலட்சுமி மூக்குக் கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய உதவியாளன் கவியரசனுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஆட்டைத் தேடச் சொன்னா கயிறைத் தேடுறீங்களே மேடம். அதான் கண்ணு முன்னாடி தொங்குதே."

"ஆடு திருடுறவன் கயிறை ஏன்பா விட்டுட்டுப் போறான்?"

"மரியாதைக்காரன் போல. 'வாங்க சார், போகலாம்'னு கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயிருப்பான்."

ராஜலட்சுமி சிரிக்கவில்லை. ஆலங்குடியில் உரக்கடை மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருக்கும் அவர், உதவியாளனின் நகைச்சுவைக்குச் சிரிப்பதில்லை என்பதைத் தொழில் தர்மமாகவே வைத்திருந்தார். கவியோ பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்தவன். படிப்புக்கு வேலை கிடைக்கவில்லை, வாய்க்குத்தான் கிடைத்தது என்று அவன் வீட்டிலேயே சொல்வார்கள்.

குனிந்தவர் முளைக்குச்சியின் அடியில் விரலை வைத்து எடுத்தார். விரலில் கரி. மோந்து பார்த்தார்.

"சூடம்" என்றார்.

"செய்வினையா மேடம்?" அடைக்கலத்துக்குக் குரல் நடுங்கியது. ஆறடி உயரம், தேக்கு மாதிரி கை. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் பன்னிரண்டு வருஷம் வெல்டிங் அடித்த மனுஷர். நேற்று மத்தியானத்திலிருந்து குழந்தை மாதிரி அழுதுகொண்டிருந்தார்.

"அழுகாம நடந்ததை மறுபடி சொல்லுங்க."

நடந்தது இதுதான். அடைக்கலத்தின் தங்கை சொர்ணவல்லி கீரமங்கலம் பக்கம் வாக்கப்பட்டவள். அவள் மகள் ஹரிணிக்கு மறுநாள் காலை காதுகுத்து. தாய்மாமன் சீரில் முன்னால் நடக்கவேண்டிய கிடாயின் பெயர் மைனர். கருப்பு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. அடைக்கலம் கடைவீதிக்கு மாலை சொல்லப் போயிருந்தார். அவர் மனைவி அழகி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தால் கொட்டகையில் கயிறு மட்டும்.

"வேற கிடாய் வாங்கிக்கலாமே?" என்று கேட்டான் கவி.

அடைக்கலம் சுவரோரம் கை காட்டினார். பத்தடி ஃப்ளெக்ஸ் ஒன்று சாய்ந்து நின்றது. 'தாய்மாமன் சீர் வருது' என்று மேலே கொட்டை எழுத்து. ஒரு பக்கம் அடைக்கலம், இன்னொரு பக்கம் மைனர். இரண்டு பேரும் கூலிங்கிளாஸ் போட்டிருந்தார்கள். கிடாய்க்குத்தான் பொருத்தமாக இருந்தது என்பதைக் கவி சொல்லாமல் விழுங்கினான்.

"இதே மாதிரி இன்னொண்ணு கீரமங்கலம் முக்கத்துல கட்டியாச்சு தம்பி. ஊரே பாத்துருச்சு. இப்ப வேற ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போனா மாப்ள என்னா சொல்லுவாரு?"

மாப்பிள்ளை, அதாவது சொர்ணவல்லியின் புருஷன் நாகராசு, ஏற்கெனவே சொல்லிவிட்டார். அதுவும் மைக் செட் இல்லாமலேயே நாலு ஊருக்குக் கேட்கிற மாதிரி. 'சீர் செய்ய மனசில்ல, ஆட்டை வித்துப்புட்டுக் காணோங்கிறாரு. விடியறதுக்குள்ள மைனர் வரலைன்னா, எம்புள்ளை தங்கமுத்து மடியில ஒக்காந்து காது குத்திக்கிடும்.' தங்கமுத்து என்பவன் சொர்ணவல்லிக்குச் சித்தப்பா மகன். ஒரு கணக்கில் அவனும் மாமன்தான்.

"எந்தங்கச்சி கல்யாணத்துக்கு எனக்கு லீவு குடுக்கல. புள்ளை பொறந்தப்பவும் குடுக்கல" என்றார் அடைக்கலம். "எல்லாத்தையும் போன்லயே பாத்தேன். இந்த ஒண்ணையாச்சும் மடியில வச்சுப் பாக்கலாம்னுதான் வேலைய விட்டுட்டு வந்தேன். ஆடு போனாப் போகுது மேடம். எம்மடி போயிரும்போல இருக்கே."

கவி வாயில் தயாராக வைத்திருந்த ஜோக்கைத் தூக்கித் தூரப் போட்டான்.

ராஜலட்சுமி மட்டும் அசையவில்லை. "ஆட்டுக்கு எதாச்சும் அடையாளம்?"

"வலது காதுல மஞ்சத் தோடு இருக்கு. போன மாசம் கம்பெனிக்காரப் பயலுக வந்து குத்துனானுக."

"தோட்டுல நம்பர் இருக்குமே?"

யாருக்கும் தெரியவில்லை. ஃப்ளெக்ஸில் அந்தக் காதின்மேல் மாலை விழுந்திருந்தது. அடைக்கலத்தின் போனில் மைனரின் படம் நூற்றுக்கணக்கில் இருந்தது. எல்லாமே செல்ஃபி. எல்லாவற்றிலும் அடைக்கலத்தின் முகம் முக்கால்வாசி, மைனரின் ஒரு கொம்பு மிச்சம்.

"கவி, அந்தத் தோட்டுக் கம்பெனிக்காரனுக்குப் போன் போடு."

* * *

கம்பெனியின் பெயர் 'ஆட்டுக்கண்'. ரகுநாத் என்ற இளைஞன் கோயம்புத்தூரில் உட்கார்ந்து நடத்திவந்தான். ஏற்பாடு எளிமையானது. ஆட்டுக்குக் காதில் தோடு. ஊரிலும் தோப்புகளிலும் உள்ள தண்ணீர்த் தொட்டிகளில் ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு கருவி. ஆடு தண்ணீர் குடிக்கத் தலையைக் குனிந்தால், கருவி தோட்டைப் படித்து, எந்த ஆடு எந்தத் தொட்டியில் குடித்தது என்று சர்வருக்குச் சொல்லிவிடும்.

"ஆப் நேத்துலேர்ந்து படுத்துருச்சுங்க சார்" என்றான் ரகுநாத். "ஆனா ஏ.பி.ஐ. உயிரோடதான் இருக்கு. கமாண்ட் லைன்ல கர்ல்னு ஒரு கட்டளை போட்டுக் கேளுங்க, சொல்லும். வடிகட்டி எல்லாம் கொடுக்கலாம்."

கவி மடிக்கணினியைத் திறந்து, கொட்டகையில் இருந்த நீலத் தண்ணீர் கேன்மேல் வைத்துக் கருப்புத் திரையை வரவழைத்தான். அடைக்கலம் எட்டிப் பார்த்துவிட்டு, கரண்ட் போய்விட்டதா என்று கேட்டார்.

"இல்லண்ணே. ஆப்ங்கிறது ஓட்டல்ல சப்ளையர் மாதிரி. சிரிச்ச மொகமா வந்து கேப்பாரு. ஏ.பி.ஐ.ங்கிறது சமையக்கட்டு ஜன்னல். நாமளே தலைய உள்ள நீட்டி, 'ஒரு தோசை, வெங்காயம் போட்டு, எண்ணெய் இல்லாம'ன்னு கத்தணும். இந்த வெங்காயம், எண்ணெய் எல்லாந்தான் வடிகட்டி. அதைச் சரியாச் சொல்லலைன்னா கடையில இருக்குற தோசை பூராவும் வந்து விழுகும்."

கவி முதல் கேள்வியைத் தட்டினான். அவன் தட்டியது இங்கிலீஷ் எழுத்தில். நம் அச்சாபீசில் அந்த எழுத்துக்குப் பஞ்சம் என்பதால் தமிழில் தருகிறேன்.

ஆடு?உரிமையாளர்=அடைக்கலம்

திரையில் ஒரு சதுர அடைப்புக்குறி திறந்தது. உடனே மூடிக்கொண்டது. நடுவில் ஒன்றுமில்லை.

"அப்டின்னா?" என்றார் அடைக்கலம்.

"ஒங்க பேர்ல ஆடே இல்லைங்குது."

அடைக்கலம் கேனுக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இந்தச் செய்தி நாகராசு காதுக்குப் போனால் கதை முடிந்தது. 'கம்ப்யூட்டரே சொல்லிருச்சு, ஆடே கெடையாதுன்னு' என்று நாளைக்கு மைக்கில் அறிவிப்பு வரும்.

"தோடு குத்துன அன்னிக்குக் கம்பெனிக்காரங்ககிட்டப் பேசுனது யாரு?" என்று கேட்டார் ராஜலட்சுமி.

வாசலில் நின்ற அழகி முந்தானையைத் திருகினாள். "நாந்தான் மேடம். ஆடு யாருதுன்னு கேட்டான். கருப்பருதுன்னேன்."

"எந்தக் கருப்பர்?"

"சாமிதான். வேற எந்தக் கருப்பர்? ஆடு வச்சிருக்கோம்னு எழுதிக்குடுத்தா ரேஷன் அரிசிய நிப்பாட்டிருவாங்கன்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. சொந்தப் பேரைச் சொல்லுவாங்களா? எல்லாரும் கருப்பர் பேரைத்தான் சொன்னாங்க. நானும் சொன்னேன்."

கவி போனை ஸ்பீக்கரில் போட்டான். "ரகுநாத் சார், ஒங்க லிஸ்ட்ல கருப்பர்னு யாராச்சும் இருக்காங்களா?"

மறுமுனையில் ரகுநாத் துள்ளிக் குதித்தது கேட்டது. "அவரைத் தெரியுமா சார் உங்களுக்கு? எங்களோட நம்பர் ஒன் பண்ணையாளரே அவர்தான். இருநூத்திச் சொச்சம் ஆடு. கீரமங்கலத்துலயும் இருக்கு, குளத்தூர்லயும் இருக்கு. பெஸ்ட் ஃபார்மர் ஷீல்டு அடிச்சு வச்சிருக்கோம், வாங்கிக்க வரவே மாட்டேங்குறார். ரொம்ப எளிமையான மனுஷர் போல."

"ஆமா சார். விளம்பரமே புடிக்காது. கையில அருவாளோட சும்மா நிப்பாரு" என்றான் கவி.

"அருவாளா?"

"விவசாயி இல்லீங்களா."

* * *

"கருப்பரோட ஆடுகள்ல கருப்பு நிறம், கிடாய். இது ரெண்டையும் சேத்துக் கேளு" என்றார் ராஜலட்சுமி.

ஆடு?உரிமையாளர்=கருப்பர்&நிறம்=கருப்பு&பால்=கிடாய்

தட்டியதும் ஓரமாக [1] என்று ஒன்று எட்டிப் பார்த்தது. அடுத்து [2]. பின்னாலேயே மழை மாதிரி ஆடுகள் கொட்டின. இருநூற்றுச் சொச்சமும் வந்தன.

கவி கைகூப்பிவிட்டான். "மேடம், அதிசயம்! கருப்பர் வச்சிருக்கிறது அத்தனையும் கருப்புக் கிடாய். ஒரு வெள்ளை கூட இல்லை. தெய்வச் செயல்!"

அடைக்கலமும் அழகியும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ராஜலட்சுமி கண்ணாடியை ஏற்றினார். "நடுவுல அது என்னாப்பா? மூணு ஈத்துன்னு போட்டிருக்கு?"

"மூணு தடவை குட்டி போட்டிருக்கு மேடம்."

"கிடாயா?"

கவி திரைக்குள் மூக்கை நுழைத்தான்.

"கீழ பாரு. நிறம் வெள்ளை. அதுக்கும் கீழ நிறம் செம்போரை, பெட்டை. நீ மூணு விஷயம் கேட்ட. மொதச் சொல்லை மட்டும் காதுல வாங்கிருக்கு. ஒன்னை மாதிரியே இருக்கு. அது சரி, மொதல்ல அந்த ஒண்ணு, ரெண்டுன்னு வந்துச்சே, அது எதுக்கு?"

"அது சும்மா மேடம். எப்பவாச்சும் வரும்."

"ஒரு கேள்விதானே கேட்ட? ரெண்டு நம்பர் எதுக்கு? ரெண்டு எடத்துல எதையோ வெட்டிப் போட்டிருக்கான்."

கவிக்கு மண்டையில் பல்பு எரிந்தது. டிப்ளமா இரண்டாம் வருஷத்தில் பாடமாகப் படித்து, மூன்றாம் வருஷத்தில் மறந்த விஷயம். கருப்புத் திரை & குறியைக் கண்டால், கேள்வி முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். அதுவரை வந்ததைப் பின்னணியில் ஓடவிட்டு, மிச்சத்தை வேறு வேலையாகத் தனியே எடுத்து வைத்துக்கொள்ளும். நிறமும் பாலும் சர்வர் வாசலுக்கே போகவில்லை. தப்பு என்று ஒரு முனகல்கூட இல்லை.

"தோசைன்னது மட்டும்தான் ஜன்னலுக்குள்ள போயிருக்கு மேடம். வெங்காயமும் எண்ணெயும் தெருவுலயே நிக்கிது." தலையைச் சொறிந்துகொண்டான். "மொத்தத்தையும் மேற்கோள் குறிக்குள்ள போட்டுக் கட்டிக் கொடுக்கணும். மறந்துட்டேன்."

"தெய்வச் செயல்னியே?"

"தெய்வம் மேல பழி போட்டா அது வந்து கேக்கவா போகுது?"

கேள்வியை முன்னும் பின்னும் மேற்கோள் குறியால் பூட்டி, மறுபடி அனுப்பினான். இந்தத் தடவை கருப்புக் கிடாய்கள் மட்டும் வந்தன. முப்பதுக்கு மேல் இருந்தன.

"இதுல மைனர் எதுன்னு எப்படிக் கண்டுபுடிக்கிறது? நெத்திச்சுட்டிக்கு வடிகட்டி கெடையாதாம்" என்று உதட்டைப் பிதுக்கினான் கவி.

ராஜலட்சுமி மடிக்கணினிக்கு அடியில் இருந்த நீலக் கேனைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஆட்டுக்கொட்டகையில கேன் தண்ணி எதுக்கு?"

அழகி கணவனை முறைத்தாள். "இவுக பண்ண கூத்து மேடம். குட்டியிலயே கேன் தண்ணியக் குடுத்துப் பழக்கிட்டாக. குழாய்த் தண்ணி வச்சா மூஞ்சியத் திருப்பிக்கிது. கேனைத் தட்டுனாத்தான் வரும். எனக்கும் எம்மாமியாருக்கும் போர்த் தண்ணிதான்."

"அப்ப அது ஊர்த் தொட்டியில தண்ணியே குடிச்சதில்ல?"

"வாசலைத் தாண்டுனாத்தானே தொட்டிக்குப் போக?"

"கவி!" ராஜலட்சுமியின் குரலில் சாணை பிடித்த கத்தியின் சத்தம் இருந்தது. "கொண்டுபோனவன் கேனைத் தூக்கிக்கிட்டுப் போகல. ஒரு நாள் முழுக்க மூஞ்சியத் திருப்புனாலும், தாகம் எடுத்தா மைனராவது மாமன்னராவது, கெடைச்சதைக் குடிச்சுத்தான் ஆகணும். நேத்துக்கு முன்னாடி எந்தத் தொட்டியிலயும் குடிக்காம, நேத்துக்கப்புறம் மொத மொதக் குடிச்ச கிடாய் எது?"

ரகுநாத்தைக் கேட்டார்கள். முதல் வருகைக்கு ஒரு வடிகட்டி உண்டு என்றான். கவி மேற்கோள் குறியை இரண்டு தரம் சரிபார்த்துவிட்டு, முன் கேள்வியோடு அதையும் சேர்த்துத் தட்டினான்.

&முதல்வருகை=நேற்றிலிருந்து

ஒரே ஒரு ஆடு வந்தது. கருப்பு. கிடாய். இன்று காலைதான் முதல் தண்ணீர். தொட்டி இருக்கும் இடத்தைக் கவி உரக்கப் படித்தான். "கீரமங்கலம் பக்கம், நாகராசு தென்னந்தோப்பு."

 அடைக்கலம் மெல்ல எழுந்து, கூரையில் செருகியிருந்த அரிவாளை எடுத்தார்.

"அதை வச்சுட்டு வாங்க. அந்தக் கயிறை எடுத்துக்கங்க. கவி, நீ கேனைத் தூக்கிக்க" என்றார் ராஜலட்சுமி.

* * *

மொபெட்டை ராஜலட்சுமி ஓட்டினார். கவி பின்னால் காலிக் கேனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அடைக்கலம் பைக்கில் முன்னால் பறந்தார். கவிக்கு ஒன்றுதான் புரியவில்லை. நாளைக்கு மாலை மரியாதையோடு தன் வீட்டுக்கே வரப்போகிற கிடாயை எவனாவது இன்றைக்குத் திருடுவானா? இதைக் கேட்டதற்கு ராஜலட்சுமி காற்றில் கத்தினார். "விக்கப்போறவன் சூடம் கொளுத்த மாட்டான்பா!"

நாகராசுவின் வீட்டு வாசலில் பந்தல் ஏறிக்கொண்டிருந்தது. பந்தலுக்கடியில் புது வேட்டியில் தங்கமுத்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு சின்ன அரிசி மூட்டை.

"என்னாண்ணே பண்றீங்க?" என்றான் கவி.

"நாளைக்குப் பழகிக்கிறேன் தம்பி. கொஞ்சம் கால் மரத்துப்போகுது."

நாகராசு உள்ளேயிருந்து துண்டை உதறிக்கொண்டு வந்தார். "என்னா மச்சான், ஆடு வந்துச்சா? வராது. விக்கிறதையும் வித்துப்புட்டு டிடெக்டிவ் வேறயா?" என்று ஆரம்பித்தவர், கவியின் கையில் இருந்த கேனைக் கண்டதும் குரலை ஒரு படி இறக்கிக்கொண்டார்.

ராஜலட்சுமி கேனை வாங்கிக்கொண்டு தோப்புக்குள் போனார். மோட்டார்க் கொட்டகையின் பூட்டிய கதவு முன்னால் நின்று, கேனின் அடியில் உள்ளங்கையால் தட்டினார்.

டொம். டொம்.

உள்ளேயிருந்து, தாகத்தோடும் கோபத்தோடும் ஒரு பதில் வந்தது. "மே...!"

அடைக்கலம் நாகராசுவின் சட்டையைப் பிடித்துவிட்டார். சொர்ணவல்லி, "அண்ணே!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தாள். கவி நடுவில் புகுந்தான். இரண்டு பேருக்கும் நடுவில் அவன் உயரம் பத்தாததால் யாரும் அவனைக் கவனிக்கவில்லை.

"நான் திருடல!" என்று கத்தினார் நாகராசு. "திருடுனவன் கயிறை விட்டுட்டு வருவானா? கயிறு மச்சானோடது, அதை எடுக்கல. புதுக் கயிறு வாங்கிட்டுப் போயி, சூடம் கொளுத்தி, உத்தரவு கேட்டுத்தான் அவுத்தேன். ஆடு சாமியோடது!"

"எந்தச் சாமியோடது?" என்றார் அடைக்கலம்.

நாகராசு மனைவியைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார். நாலு ஊருக்குக் கேட்கிற அந்தக் குரல் இப்போது கிணற்றுக்கு அடியிலிருந்து வந்தது.

"போன ஐப்பசியில புள்ளைக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில போட்டிருந்துச்சு. டாக்டரு ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாரு. நான் வராண்டாவுல கையில போனை வச்சுக்கிட்டு நிக்கிறேன். அந்நேரம் பாத்து இவரு குடும்ப குரூப்புல மைனர் வீடியோ போட்டாரு. கண்ணு முன்னாடி அதான் இருந்துச்சு, வாயில அதான் வந்துச்சு. 'கருப்பரே, புள்ளை பொழைச்சு வரட்டும், காது குத்துறதுக்கு முந்தி இந்தக் கிடாயை ஒன் வாசல்ல விட்டுடறேன்'னுட்டேன்."

"அடுத்தவர் ஆட்டையா நேர்ந்துக்கிட்டீங்க?" என்றான் கவி.

"நேரும்போது யார் ஆடுன்னு யோசிக்கிற நெலமையிலயா நின்னேன் நான்?"

 வாழ்க்கையில் முதல்தடவையாகக் கவியின் வாய் தானாகவே மூடிக்கொண்டது.

நாகராசு மேலே சொன்னார். நாளைக்குச் சீராக வந்தால் மைனர் நேராகப் பந்திக்கு அண்டாவில் ஏறிவிடும், நேர்த்தி பொய்த்துவிடும் என்று பயம். கேட்டு வாங்கலாமென்றால் மச்சானோடு பொங்கலிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போனால் பூசாரி இருளாண்டி முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார்: 'கை மாறாத ஆட்டைக் கருப்பர் வாங்க மாட்டாரு. இது ஒன் கைக்கு எப்ப வந்துச்சு?' திருப்பிக் கொண்டுபோய்க் கட்டவும் முகமில்லை. சொல்லாவிட்டால் சாமி குற்றம், சொன்னால் மானக்கேடு. அதனால் கத்தினார். கத்த ஆரம்பித்த பிறகு எங்கே நிறுத்துவதென்று அவருக்கே தெரியவில்லை.

அடைக்கலத்தின் பிடி தளர்ந்தது. அவர் ஆட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

"புள்ளைக்கு அம்புட்டு முடியாம இருந்துச்சா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே மாப்ள."

"நீங்க பயந்துக்குவீகன்னு சொர்ணந்தான் சொல்ல வேணாம்னுச்சு."

"அது ஆஸ்பத்திரியில கெடக்கு. நான் இங்கிட்டு ஆட்டு வீடியோ போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்." அந்த ஆறடி உடம்பு குலுங்கியது. நாகராசு தயங்கித் தயங்கித் தன் துண்டை எடுத்து நீட்டினார். அடைக்கலம் அதை வாங்கி மூக்கைச் சிந்தினார். பொங்கலிலிருந்து இருந்த சண்டை அந்தத் துண்டோடு போயிற்று.

ராஜலட்சுமி தொண்டையைச் செருமினார். "சீர் எங்க வந்து எறங்கும்?"

"கருப்பர் கோயில் முக்கத்துல குட்டி யானை வண்டியில வந்து எறங்கி, அங்கேருந்து மேளத்தோட நடந்து வருவோம்" என்றாள் சொர்ணவல்லி.

"சீரை எங்க வச்சுக் கையில குடுக்கணும்னு சட்டம் எதுவும் இருக்கா?"

"வீட்டு வாசல்ல குடுக்குறது வழக்கம்."

"நாளைக்கு மட்டும் கோயில் வாசல்ல குடுங்க. அடைக்கலம் கயிறை நாகராசு கையில குடுப்பாரு. அந்த நிமிஷம் ஆடு நாகராசுவோடது, கை மாறியாச்சு. நாகராசு திரும்பி நின்னு இருளாண்டி கையில குடுப்பாரு. இன்னும் காது குத்தல, நேர்த்தியும் தப்பல. ஒரு நாள் பொறுத்திருந்தா இதெல்லாம் தானா நடந்திருக்கும். தன் வீட்டுக்கு வரப்போற சீரைத் தானே போய்த் திருடுன மாப்பிள்ளைய இந்த ஜில்லாவுல இப்பத்தான் பாக்குறேன்."

"பந்திக்கு?" என்றார் நாகராசு ஈனஸ்வரத்தில்.

"கோழி போடுங்க. கருப்பர் பேர்ல கோழி எதுவும் பதிவாகல" என்றான் கவி. அவன் வாய் திரும்பிவிட்டது.

ராஜலட்சுமியின் உதட்டோரம் லேசாக அசைந்தது. தொழில் தர்மம் அதற்குமேல் விடவில்லை.

* * *

மறுநாள் காலை கருப்பர் கோயில் முக்கத்தில் மேளம் ஊரைத் தூக்கியது. மைனர் மாலையும் கூலிங்கிளாஸுமாக இறங்கியது. அதன் கழுத்தில் பழைய கயிறு. அடைக்கலம் கொடுத்தார், நாகராசு வாங்கினார். நாகராசு கொடுத்தார், இருளாண்டி வாங்கினார். மூன்று கை மாறுவதற்குள் மைனர் மாலையில் பாதியைத் தின்றிருந்தது. கூலிங்கிளாஸைக் கழற்ற மட்டும் அது யாரையும் அனுமதிக்கவில்லை.

பந்தலில் ஹரிணி மாமன் மடியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் தங்கமுத்து அவளுடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவனுக்கும் ஒரு மரியாதை வேண்டும் என்று நாகராசுதான் அந்தப் பொறுப்பைக் கொடுத்திருந்தார். ஆசாரி ஊசியை எடுத்ததும் குழந்தை வீறிட்டது. ஒரு காது ஆயிற்று. இன்னொரு காதும் ஆயிற்று.

கவியின் போன் அடித்தது. ரகுநாத்.

"சார், உங்க மைனர் இப்ப கருப்பர் கோயில் தொட்டியில தண்ணி குடிச்சிருக்கு, சர்வர்ல வந்துருச்சு. ஆடு கிடைச்சுருச்சுதானே? உரிமையாளர் பேர் கருப்பர்னு இருக்கே, தப்பா ஏறிடுச்சுங்களா? உண்மையான ஓனர் பேரைச் சொல்லுங்க, மாத்திடறேன்."

கவி குனிந்து அடைக்கலத்தின் காதில் கேட்டான்.

பயத்தில் ஹரிணி மாமனின் பட்டு வேட்டியை நனைத்துவிட்டிருந்தாள். யார் யாரோ கைநீட்டியும் அவர் குழந்தையைக் கொடுக்கவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. கண்ணீரும் சிரிப்புமாக, அதன் புதுத் தோட்டை ஊதி ஊதி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"எதையும் மாத்த வேணாம் தம்பி. எல்லாம் இப்பத்தான் சரியா இருக்கு."